கரீபியன் குரூஸ்: ராயல் கரீபியனா, செலிபிரிட்டியா? ரெண்டு பேர், 7 இரவு

கொடிமுல்லை

வணக்கம். பிப்ரவரி நடுவில் நானும் கணவரும் மட்டும் 7 இரவு கரீபியன் குரூஸ் போவதாக இருக்கிறோம். டாலஸிலிருந்து விமானம், கப்பல் ஏறுவது ஃபுளோரிடாவில். இரண்டு விலை வாங்கி வைத்திருக்கிறேன்.

முதலாவது ராயல் கரீபியன். ஓயாசிஸ் வகைக் கப்பல், மயாமியில் ஏறி மேற்குக் கரீபியன்: கோசுமெல், ரோவட்டான், பிறகு அவர்களுடைய தீவான கோகோகே. பால்கனி அறை, வரியெல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 3,050 டாலர்.

இரண்டாவது செலிபிரிட்டி. எட்ஜ் வகைக் கப்பல், ஃபோர்ட் லாடர்டேலில் ஏறி கிழக்குக் கரீபியன்: போர்ட்டோ பிளாட்டா, செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின். இன்ஃபினிட் வராண்டா அறை, ‘ஆல் இன்க்ளூடட்’ கட்டணம், 3,900 டாலர்.

நான் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. அவர் எல்லாம் சாப்பிடுவார். ராத்திரி இரண்டு பீர், அதோடு சரி. சறுக்கு, பாறை ஏறுவது இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம். நல்ல சாப்பாடு, கொஞ்சம் பாட்டு, கடலைப் பார்த்து உட்கார ஒரு இடம் போதும். எனக்கு பஸ்ஸில் போனாலே தலை சுற்றும். இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்; அவர் எச்-1பி (அமெரிக்க வேலை விசா), நான் எச்-4 (அவர் துணைக்குரியது). 850 டாலர் கூடக் கொடுப்பதற்கு செலிபிரிட்டியில் அப்படி என்ன இருக்கிறது?

மேல்தளம்

850 வித்தியாசம்னு பார்க்கிறதே தப்புக் கணக்கு சகோ. ரெண்டு விலைக்குள்ளயும் இருக்கிற சமாச்சாரம் வேற வேற.

செலிபிரிட்டி சொல்ற ஆல் இன்க்ளூடட்ல ரெண்டே ரெண்டுதான் இருக்கு: கிளாசிக் டிரிங்க்ஸ் பேக்கேஜ், சாதா வைஃபை. டிப்ஸும் முன்னாடி சேர்ந்திருந்தது, 2023-ல எடுத்துட்டாங்க. பேருதான் ‘எல்லாம் அடக்கம்’. நீங்க குடிக்கிறதில்ல, அவருக்கு ரெண்டு பீர். அந்தப் பேக்கேஜ் உங்களுக்கு எதுக்கு? அதே அறைக்கு வெறும் கப்பல் கட்டணம் எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க.

பீர் 8 டாலர்னு வைங்க. அதுக்கு மேல செலிபிரிட்டியில 20% சர்வீஸ் சார்ஜ் தானா ஏறும், 9.60 ஆகும். நாளுக்கு ரெண்டு, 7 நாள்: 134 டாலர் சொச்சம், முடிஞ்சது. ராயல் பக்கம் டீலக்ஸ் பேக்கேஜ் நாளுக்கு 80 டாலர்னு மலிவா கிடைச்சாக்கூட 18% சேர்த்து 94.40 (விலை கப்பலுக்குக் கப்பல், வாரத்துக்கு வாரம் மாறும், 80-ங்கிறது கணக்குக்குத்தான்). 14 டாலர் காக்டெயில் சார்ஜோட 16.52. அப்ப தினமும் ஆறு காக்டெயில் உள்ள போனாத்தான் போட்ட காசு திரும்பும். இதுல இன்னொரு கண்ணி, ஒரே அறையில ஒருத்தர் மதுப் பேக்கேஜ் எடுத்தா 21 வயசு தாண்டின மத்தவரும் எடுத்தாகணும். அதனால பேக்கேஜை மறந்துடுங்க, அப்பப்ப அறைக் கணக்குல எழுதிக்கட்டும். ஒயின் பிடிக்கும்னா ஏறுற அன்னிக்கு ஆளுக்கு ஒரு 750 மில்லி பாட்டில் கைப்பையில கொண்டு போகலாம். பீர், விஸ்கி கொண்டு போனா ஸ்கேனர்லயே வாங்கி வச்சிடுவாங்க.

டிப்ஸ் ரெண்டு இடத்துலயும் தனி. ராயல்ல ஆளுக்கு நாளுக்கு 18.50, ரெண்டு பேர் 7 நாளுக்கு 259. செலிபிரிட்டியில சாதாரண பால்கனி வகைக்கு 18 பக்கம், அதாவது 252.

கடைசியா ஒரு சந்தேகம். 3,050-க்கு பால்கனின்னு போட்டிருக்காங்களே, அது கடலைப் பார்த்த பால்கனிதானா? பிப்ரவரி நடுவுல அந்த விலைக்கு ஓயாசிஸ்ல கடல் பால்கனின்னா எனக்கு நம்பிக்கை வரல. அறை வகையோட பேரை அப்படியே இங்க போடுங்க.

நெய்தல்

இரண்டும் ஒரே குழுமத்தின் கம்பெனிகள். கப்பல் ஓட்டும் தரம், பாதுகாப்பு, மருத்துவ வசதி இவற்றில் பெரிய வேறுபாடு தேடாதீர்கள். வேறுபாடு முழுக்க கப்பலின் அமைப்பிலும், அதில் யார் ஏறுகிறார்கள் என்பதிலும்தான்.

பலரும் ‘ஓயாசிஸ் பெரிய கப்பல், அதனால் நெரிசல்’ என்பார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. ஓயாசிஸ் வகையில் சிம்பனி 2,28,081 ஜி.டி., அறைக்கு இருவர் என்றால் 5,518 பயணிகள். எட்ஜ் வகையில் பியாண்ட் சுமார் 1,40,600 ஜி.டி., 3,260 பேர். ஜி.டி. என்பது எடையல்ல, கப்பலின் உள்ளளவு. ஆளுக்கு வகுத்தால் முதலாவதில் 41, இரண்டாவதில் 43. ஏறக்குறைய சமம்.

ஆனால் ‘அறைக்கு இருவர்’ என்பது ஏட்டுக் கணக்கு. ராயலில் மூன்றாவது, நான்காவது படுக்கையில் பிள்ளைகள் வருவார்கள். சிம்பனியின் உச்ச அளவு 6,680. உங்கள் தேதி பிப்ரவரி நடு வாரம். மூன்றாம் திங்கள்கிழமை பிரசிடெண்ட்ஸ் டே, நியூயார்க் பள்ளிகளுக்கு அந்த வாரம் முழுக்க விடுமுறை. அந்த வாரத்தில் நான்கு படுக்கையும் நிரம்பும். காலை 9 மணிக்கு விண்ட்ஜாமர் பஃபேயில் தட்டோடு மேஜை தேடி நிற்பது, மதியம் நீச்சல் குளத்தில் தண்ணீரை விடத் தலைகள் அதிகமாய்த் தெரிவது எல்லாம் அப்போதுதான். அதே கப்பலில் ஜனவரி கடைசி வாரமோ பிப்ரவரி முதல் வாரமோ ஏறினால் வேறு ஊர் போலிருக்கும். தேதியை இரண்டு வாரம் முன்னால் தள்ள முடிந்தால் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதை விட அதில் பலன் அதிகம். விலையும் பெரும்பாலும் இறங்கும்.

அறை விஷயம். எட்ஜ் வகையின் இன்ஃபினிட் வராண்டா பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் படத்தில் பார்ப்பது வேறு. கதவைத் திறந்து வெளியே போய் நிற்கும் பால்கனி அது இல்லை. பால்கனிக்குரிய இடத்தை அறைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்; வெளிச்சுவர் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் மேல்பாதிக் கண்ணாடி கீழே இறங்கி, கீழ்ப்பாதி கைப்பிடிச் சுவராக நிற்கும். அறை அகலமாகத் தெரியும், மழை பெய்தாலும் அந்த இடத்தில் உட்காரலாம். தொல்லைகள்: கண்ணாடி இறங்கியதும் ஏசி நின்றுவிடும், நடுவிலுள்ள மடிப்புக் கதவைச் சாத்தினால்தான் அறைப் பக்கம் குளிரும். கரீபியன் புழுக்கம் பத்து நிமிஷத்தில் படுக்கை வரை வந்துவிடும். காற்று பலமானால் மாலுமிகள் கப்பலை ஓட்டும் அறையிலிருந்தே எல்லாக் கண்ணாடிகளையும் பூட்டிவிட முடியும், அப்போது உங்கள் பொத்தான் வேலை செய்யாது. ராத்திரி கடல் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்து வராது. அவர்களுக்கு இதே கம்பெனியின் சால்ஸ்டிஸ் வகைக் கப்பல்கள் உண்டு: 2008 முதல் 2012 வரை வந்தவை, பழைய பாணி உண்மையான பால்கனி. விலையும் எட்ஜை விடக் குறைவாகவே வரும்.

எந்தக் கப்பலானாலும் அறை எடுக்கும்போது தள வரைபடத்தில் மேலேயும் கீழேயும் பாருங்கள். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலை 5 மணிக்கே சாய்வு நாற்காலிகளை இழுக்கும் சத்தம். பக்கத்து அறைக்குக் கதவு உள்ள ‘கனெக்டிங்’ அறை வேண்டாம், அவர்கள் பேச்சு உங்களுக்குக் கேட்கும். மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம்தான் நிம்மதி.

கொடிமுல்லை

மேல்தளம் சொன்னது சரிதான். ராயல் விலைச்சீட்டில் பொடி எழுத்தில் ‘போர்ட்வாக் வியூ பால்கனி’ என்று இருக்கிறது. கடல் பக்கம் என்றால் 3,340-ஆம். செலிபிரிட்டியில் டிரிங்க்ஸ், வைஃபை இல்லாத வெறும் கட்டணம் கேட்டேன், 3,260 சொன்னார்கள்.

மேல்தளம்

அப்ப கணக்கு கவுந்துடுச்சு. ராயல் கடல் பால்கனி 3,340 + 259 = 3,599. செலிபிரிட்டி 3,260 + 252 = 3,512. வைஃபை வேணும்னா ரெண்டுலயும் தனியா வாங்கணும், விலையில பெரிய வித்தியாசம் வராது, ரெண்டுலயும் ஸ்டார்லிங்க்தான். ஒரு போனுக்கு மட்டும் எடுத்தா போதும், ஒண்ணை விட்டு இன்னொண்ணுல மாத்தி மாத்தி லாகின் பண்ணிக்கலாம்.

போர்ட்வாக் பால்கனி என்னன்னா, கப்பலோட நடுவுல பிளந்த மாதிரி ஒரு தெரு, பின்பக்கம் அக்வா தியேட்டர். பால்கனியில நின்னா எதிர்த்தாப்புல இன்னொருத்தர் பால்கனி, கீழ குடை ராட்டினம், ராத்திரி ஷோவோட பாட்டு. பின்கோடியில உள்ள சில அறைகள்ல ஓரமா கடல் தெரியும். வேடிக்கை பார்க்க நல்லா இருக்கும். கடலைப் பார்த்து உட்காரணும்னு கேட்டவங்களுக்கு அது இல்ல. சென்ட்ரல் பார்க் பக்கத்துப் பால்கனி அமைதி, ஆனா அங்கயும் செடிகொடிதான் தெரியும், கடல் தெரியாது.

விசில்

எல்லாரும் சேர்ந்து ராயலை ஓரங்கட்டுறீங்களே, நான் மறுத்துப் பேசுறேன்.

ரெண்டு பேர் போனா ராயல் குழந்தைங்க கப்பல்னு ஒதுக்க வேண்டியதில்ல. 16 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும் சோலேரியம்னு முன்பக்கம் கண்ணாடிக் கூரை போட்ட இடம் இருக்கு. சாயங்காலம் 7 மணிக்கு மேல சென்ட்ரல் பார்க்ல போய் உட்காருங்க, நிஜச் செடிங்க, மெதுவா கிட்டார், கூட்டமே இருக்காது. எல்லாரும் ஷோவுக்கோ சாப்பாட்டுக்கோ போயிருப்பாங்க.

ஷோ விஷயத்துல ராயல்கிட்ட யாரும் நெருங்க முடியாது. உள்ளயே ஐஸ் ஸ்கேட்டிங் தளம், பத்து மாடி உயரம் மாதிரி தோணுற இடத்துலேந்து குளத்துல குதிக்கிற அக்வா ஷோ, பிராட்வே அளவு நாடகம். எல்லாம் டிக்கெட்லயே அடக்கம். ஆனா இடம் புக் பண்ணணும். கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியே ஆப்ல ஷோ பட்டியல் திறக்கும், திறந்த அன்னிக்கே போடுங்க. அக்வா ஷோவை முதல் ரெண்டு நாளுக்குள்ள போடுறது நல்லது. ஏன்னா திறந்த வெளி. கப்பல் ஆடினா குளத்துத் தண்ணி ஒரு பக்கமா சாயும், காத்தடிச்சா குதிக்கிறவங்களுக்கு ஆபத்து, ரத்து பண்ணிடுவாங்க. முன்னாடியே போட்டிருந்தா பின்னாடி ஒரு நாள் மாத்தித் தர வாய்ப்பு உண்டு. புக் கிடைக்கலன்னாலும் ஷோவுக்கு கால் மணி முன்னாடி வாசல்ல நின்னா காலி இடத்துல விடுவாங்க.

செலிபிரிட்டியில ராத்திரி 11 மணிக்கு மேல மார்ட்டினி பாரைத் தவிர பல இடத்துல ஊர் அடங்கிடும். அது பிடிக்கும்னா சரி.

பச்சைமிளகாய்

சாப்பாடு பத்தி யாரும் பேசலையே, அதான் வந்தேன்.

கப்பல் கிச்சன்ல இந்தியச் சமையல்காரங்க நிறைய, சர்வர்லயும் பல பேர் கோவா, மும்பை, கேரளா பக்கம். அதனால ரெண்டு கம்பெனியிலும் சைவம் கஷ்டமில்ல. பஃபேயில மதியமும் ராத்திரியும் ஒரு ஓரத்துல பருப்பு, ஒரு காய் கறி, சாதம், நான் இருக்கும். ஆனா எல்லாம் வடக்கத்திக் கைமணம். இட்லி, சாம்பார் எதிர்பார்த்து ஏறாதீங்க.

புக் பண்ணினதும் கணக்குல உணவுத் தேவையில ‘இந்தியன் வெஜிடேரியன், முட்டை இல்லாமல்’னு எழுதி வைங்க, 45 நாளுக்கு முன்னாடி போயிடணும். ஆனா எழுதினதோட வேலை முடியல. முதல் நாள் ராத்திரி மெயின் டைனிங் ரூம்ல ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு நேர்ல சொல்லுங்க. அப்புறம் தினமும் ராத்திரி அவரே மறுநாள் மெனுவைக் காட்டி என்ன வேணும்னு கேட்பார். மெனுவுலயே இல்லாத பனீர், கத்தரிக்காய், தால் எல்லாம் தனியா செய்து வரும். அதுக்கு ஒரே மேஜை, ஒரே நேரம், ஒரே சர்வர் இருக்கணும். அதனால நேரம் மாறுற வகையை எடுக்காம, நிலையான நேரம் போடுற டைனிங்கை எடுங்க. செலிபிரிட்டி எட்ஜ்ல கட்டணம் இல்லாத மெயின் உணவகமே நாலு: நார்மண்டி, டஸ்கன், சைப்ரஸ், காஸ்மோபாலிட்டன். தினமும் ஒண்ணு மாத்திப் போகலாம்னு ஆசை வரும். போனா ஒவ்வொரு இடத்துலயும் முதல்லேந்து சொல்லணும். ரெண்டு ராத்திரி மாத்திப் போங்க, மத்த நாள் ஒரே இடம்.

மாட்டிக்கிற இடங்கள் இவைதான். காய்கறி சூப்னு போட்டிருக்கும், அடிப்படைத் தண்ணி கோழி வேக வச்சதா இருக்கும். தாய்லாந்து வகைக் குழம்புல மீன் சாஸ். சீசர் சாலட் டிரஸ்ஸிங்ல நெத்திலி. வெஜ் பர்கர் உள்ள வைக்கிற வடை உதிராம பிடிச்சு நிக்க வைக்க முட்டை. மூஸ், சீஸ் கேக்ல ஜெலட்டின். பஃபேயில கேள்வி கேட்டா அங்க நிக்கிற பையனுக்குத் தெரியாது, பொறுப்பா இருக்கிற செஃபைக் கூப்பிடச் சொல்லுங்க, வருவார். காசு கட்டுற ஸ்பெஷல் உணவகம் போனா ஒரு நாள் முன்னாடியே முட்டை இல்லைனு சொல்லிடுங்க.

தயிர் சாதம் வேணுமா? காலை பஃபேயில ப்ளெயின் யோகர்ட் இருக்கும், கெட்டியா, புளிப்பில்லாம. ஒரு கிண்ணம் எடுத்து அறை பிரிட்ஜ்ல வச்சிட்டு மதியம் வெறும் சாதத்தோட கொஞ்சம் பால், உப்பு சேர்த்துப் பிசைஞ்சுக்குங்க.

ஐ797

விசா பற்றி ஒரு முக்கிய விஷயம், பணம் கட்டுமுன் பாருங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியுள்ள எச் விசா ஸ்டாம்ப், கப்பல் திரும்பி வரும் நாளில் உயிரோடு இருக்க வேண்டும். ஸ்டாம்ப் முடிந்து, நீட்டிப்பு ஒப்புதல் தாள் மட்டும் கையில் இருந்தால் கரீபியன் குரூஸ் போகக்கூடாது. கனடா, மெக்சிகோ போய் 30 நாளுக்குள் திரும்பினால் பழைய ஸ்டாம்பிலேயே அனுமதிக்கும் ஒரு விதி உண்டு. அதை நம்பிப் பலர் ஏறுகிறார்கள். எச் வகைக்கு அந்த விதி அந்த இரண்டு நாடுகளுக்கு மட்டும்தான். கரீபியன் தீவுகளுக்குச் செல்லாது. தீவுகளைச் சேர்த்து அந்தச் சலுகை பெறுவது எஃப், ஜே மாணவர் வகையினர். கப்பல் கோகோகே தொட்டால் அது பஹாமாஸ், ரோவட்டான் ஹோண்டுராஸ்.

அடுத்தது, எச்-1பி, எச்-4 இரண்டு ஸ்டாம்பும் தனித்தனியாகப் பாருங்கள், ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு முடிந்திருக்கும். பாஸ்போர்ட் திரும்பும் நாளிலிருந்து 6 மாதத்துக்கு மேல் செல்ல வேண்டும். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் திரும்பும்போது ஐ-94 (அமெரிக்காவில் எந்த நாள் வரை தங்கலாம் என்ற பதிவு) தேதியை பாஸ்போர்ட் முடியும் நாளோடு வெட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் ஐ-94 தளத்தில் தேதியைச் சரிபாருங்கள், இறங்கும்போது யாரும் தாளில் எழுதித் தர மாட்டார்கள்.

ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும் என்பதை கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆவணம் போதாவிட்டால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது. கிழக்கு வழியில் இன்னொன்று: செயின்ட் தாமஸ் அமெரிக்கப் பகுதி. வெளிநாட்டுத் தீவிலிருந்து அங்கே போகும்போது அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களை அதிகாலையிலேயே குடிநுழைவுச் சோதனைக்குக் கூப்பிடலாம். முந்தின இரவு அறைக்கு வரும் கடிதத்தைப் படியுங்கள்.

நெய்தல்

தலைசுற்றல் பற்றியும் துறைமுகங்கள் பற்றியும் விட்டுப்போனது.

கப்பலின் இருபுறமும் நீரடியில் உள்ள துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதைக் குறைக்காது. எனவே நீளவாக்கில் நடுப்பகுதி, முடிந்த அளவு கீழ்த்தளம். ‘கேரண்டி’ என்று மலிவாகத் தரும் அறையில் இடத்தை அவர்கள் முடிவு செய்வார்கள். உங்களுக்கு அது வேண்டாம். மெக்லிசின் 25 மில்லிகிராம் மாத்திரை, கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் குறைவு. தூக்கம் வரும், மதுவோடு சேராது. கிளாக்கோமா இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை 72 மணி நேரம் நிற்கும், அதற்கு மருந்துச் சீட்டு வேண்டும்.

பிப்ரவரியில் புயல் பயமில்லை, அந்தக் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. ஆனால் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால், வடக்கே ஓடும் கல்ஃப் நீரோட்டத்துக்கு எதிராக அடித்து ஃபுளோரிடா பக்கம் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். கிளம்பும் இரவும் திரும்பும் இரவும் அதனால்தான் ஆடும். கிழக்கு வழியில் முதல் இரண்டு நாள் எதிர்க்காற்று, மேல்தளத்தில் தொப்பி நிற்காது. மேற்கு வழி பொதுவாக இதை விட மென்மை, ஆனால் வடகாற்று பலத்தால் கோசுமெல்லில் துறைமுகத்தையே மூடிவிடுவதும் உண்டு.

கோகோகேயை நம்பி மட்டும் ராயலை எடுக்காதீர்கள். குளிர்காலத்தில் காற்று, அலை காரணமாகக் கப்பல் அங்கே கட்டாமல் நேரே போய்விடும் நாட்கள் உண்டு. கடல் நீரும் அந்த மாதம் 23, 24 டிகிரிதான். செயின்ட் மார்ட்டினில் 26 இருக்கும். துறைமுகம் ரத்தானால் துறைமுக வரியும் கப்பல் மூலம் எடுத்த சுற்றுலாப் பணமும் அறைக் கணக்கில் வரும். வெளியில் தனியாகப் புக் செய்தது அந்த ஆளின் நிபந்தனையைப் பொறுத்தது, ‘கப்பல் வராவிட்டால் முழுப் பணம்’ என்று எழுதியிருப்பவரிடம் மட்டும் எடுங்கள். (சில செலிபிரிட்டி கப்பல்களும் இப்போது கோகோகே போகின்றன, அது தனிச் செய்தி.)

செயின்ட் மார்ட்டினில் தலைக்கு மேல் விமானம் இறங்கும் மாஹோ கடற்கரை எல்லாரும் போகும் இடம். தூரம் குறைவு, நேரம் அதிகம்: சிம்சன் பேயில் தூக்குபாலம் படகுகளுக்காகத் திறக்கும்போது வண்டி வரிசை நகராது. கப்பலுக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். விமானப் புகைப் பின்காற்றில் வேலி அருகே நிற்காதீர்கள், தூக்கி எறியும். செயின்ட் தாமஸில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோக்ரைலின் உள்ள சன்ஸ்கிரீன் 2020 முதல் தடை. துத்தநாக ஆக்சைடு வகையை டாலஸிலேயே வாங்கிவிடுங்கள். இந்தத் தீவுகள் ஃபுளோரிடாவை விட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். போன் தானாக மாறும், கப்பல் நேரம் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். ஏறும் வாசலில் எழுதியிருக்கும் கப்பல் நேரம்தான் கணக்கு.

உங்கள் கேள்விக்கு என் தீர்ப்பு: செலிபிரிட்டி, வெறும் கட்டணத்தில், நடுப்பகுதி அறை.

மேல்தளம்

என் ஓட்டும் அதுக்குத்தான். புக் பண்ற முறை சொல்லிடறேன்.

7 இரவுக்கு முன்பணம் ஆளுக்கு 250 டாலர் பக்கம். ரீஃபண்டபிள், நான்-ரீஃபண்டபிள்னு ரெண்டு விலை காட்டும். நான்-ரீஃபண்டபிள்ல தேதி மாத்தினாலே ஆளுக்கு 100 டாலர் போகும். விசா, லீவு உறுதியாகாதவரை ரீஃபண்டபிளே எடுங்க. முழுப்பணம் கட்டக் கடைசி நாள் கப்பல் கிளம்ப 90 நாள் முன்னாடி. அதுவரைக்கும் வாரம் ஒரு தடவை அதே அறை வகையோட விலையைப் பாருங்க, இறங்கியிருந்தா போன் பண்ணி குறைக்கச் சொன்னா குறைப்பாங்க. அந்த நாள் தாண்டினா விலை இறங்கினாலும் கதவு மூடினதுதான், ரத்து பண்ணினா அபராதம் வேற. வைஃபையும் அப்படியே: முன்கூட்டி வாங்கி வைங்க, தள்ளுபடி வந்தா ரத்து பண்ணி மறுபடி வாங்கிக்கலாம்.

டாலஸ்ல பிப்ரவரியில ஐஸ் விழுந்தா ஏர்போர்ட்டே ஸ்தம்பிக்கும். ஒரு நாள் முன்னாடியே ஃபோர்ட் லாடர்டேல் போய்த் தங்கிடுங்க. அங்க ஏர்போர்ட்லேந்து துறைமுகம் பத்து நிமிஷம்தான். திரும்பும் விமானம் 12 மணிக்கு மேல போடுங்க. பயணக் காப்பீட்டுல மருத்துவ வெளியேற்றம் (கப்பல்லேந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற செலவு) இருக்கான்னு பாருங்க, கப்பல் டாக்டர் பில் நேரா அறைக் கணக்குல ஏறும், ஆபீஸ் இன்ஷூரன்ஸை அவங்க பார்க்க மாட்டாங்க. ஏறுற அன்னிக்கு பெரிய பெட்டி அறைக்கு வர சாயங்காலம் ஆயிடும், பாஸ்போர்ட், மாத்திரை, மாத்துத் துணி கைப்பையில இருக்கட்டும்.

கொடிமுல்லை

எல்லோருக்கும் நன்றி. தேதியை ஜனவரி கடைசி வாரத்துக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். எங்கள் இருவர் ஸ்டாம்பும் அடுத்த வருஷம் வரை இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: சின்ன எலக்ட்ரிக் கெட்டிலும், வீட்டில் செய்த புளிக்காய்ச்சலும் கொண்டு போகலாமா?

பச்சைமிளகாய்

கெட்டில், குக்கர், தண்ணி சூடாக்குற சுருள், இஸ்திரிப் பெட்டி எதுவும் ஏறாது, ஸ்கேன்ல எடுத்து வச்சிடுவாங்க. சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டும் அப்படித்தான். வீட்டுச் சாப்பாட்டுக்கும் அனுமதி இல்ல. கடையில வாங்கின, சீல் உடைக்காத ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு பாக்கெட் கொண்டு போகலாம். புளிக்காய்ச்சலும் அந்த மாதிரி சீல் பண்ணின பாட்டிலா வாங்கிக்குங்க. வெந்நீர் பஃபேயில 24 மணி நேரமும் கிடைக்கும், ஃப்ளாஸ்க் மட்டும் எடுத்துட்டுப் போங்க. இறங்குற அன்னிக்கு பஃபேயிலேந்து ஆப்பிள், வாழைப்பழம் எதையும் பையில போட்டுக்காதீங்க, ஃபோர்ட் லாடர்டேல் சுங்கத்துல பிடிச்சா அபராதம்.